என் சம்பந்தியின் ஆறு

2025 ஜூலை 31, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். மெல்பர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் மூன்று டிகிரி. காற்று இல்லை. பனிமூட்டத்தில் எதிர்வீட்டின் மூன்று குப்பைத் தொட்டிகளில் ஒன்றுதான் தெரிந்தது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர் சகிதம் நானும் என் மனைவி செண்பகமும் விமான நிலைய டாக்ஸிக்காக வாசலில் நின்றோம். டாக்ஸி ஏழு நிமிடம் தாமதம். மன்னிப்புக் கேட்ட பஞ்சாபி ஓட்டுநர், நாங்கள் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். ஆறு பார்க்க என்றேன். இந்தக் குளிரிலா என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

காரணம் சிரிப்புக்குரியது அல்ல. பங்குனியில் திருச்சியில் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த செண்பகம், நான் பிழைத்து வந்தால் ஆடிப்பெருக்கன்று ஓடுகிற ஆற்றில் தாலிக்கயிறு மாற்றுவதாக வேண்டிக்கொண்டாள். காவிரிக்கரை ஊரில் உட்கார்ந்து வேண்டியவளுக்கு ஆறு கிடைக்குமா என்ற சந்தேகம் வரவில்லை. பிறகு மகள் கவிதா எங்களை ஆறு மாதத்துக்கு மெல்பர்னுக்கு அழைத்து வந்துவிட்டாள்.

மகள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் ஓடை இருக்கிறது. அதைச் செண்பகத்திடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "என்னங்க, இது ஓடுதா, நிக்குதா?" என்றாள். ஒரு இலையைப் போட்டுப் பார்த்தேன். இலை எந்தப் பக்கம் போவது என்று யோசித்துக்கொண்டே இருந்தது.

அன்றிரவு சம்பந்தி தவராசா தொலைபேசியில் அழைத்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஓடையெல்லாம் என்னத்துக்கு? ரெண்டு பேரும் என்ர ஆத்துக்கு வாங்கோ" என்றார்.

என்ர ஆறு. அந்தச் சொல் அன்று என்னைத் தூங்க விடவில்லை.

நான் தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவன். அதில் பதினொரு வருடம் மேட்டூரில். காவிரித் தண்ணீரைக் கன அடியில் அளந்து எழுதியவன். ஒரு நாளும் என் ஆறு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இரண்டு மாநிலத்திலிருந்தும் ஆள் வந்திருக்கும். தவராசாவோ யாழ்ப்பாணம் கோப்பாய்க்காரர். அந்த ஊரில் கிணறு உண்டு, ஆறு கிடையாது. ஆறில்லாத ஊரில் பிறந்தவர் இந்த நாட்டுக்கு வந்து, நீர் அளக்கும் வேலையில் சேர்ந்து, வடக்கே குயின்ஸ்லாந்தின் மிச்சல் ஆற்றை இருபத்திரண்டு வருடம் அளந்திருக்கிறார். இப்போது ஓய்வுபெற்று, சிட்னி பிளாக்டவுனில் இளைய மகனோடு இருக்கிறார். அவருடைய மூத்த மகன் செந்தூரன்தான் என் மருமகன். ஒரே வேலை பார்த்த இரண்டு பேர் சம்பந்தி ஆனது தெய்வச் செயல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தெய்வத்துக்கு வேறு வேலை இல்லை.

சிட்னியில் இறங்கினால், பிளாக்டவுன் பக்கம் தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதில் பேருந்து என்றார்கள். பேருந்து நின்ற இடங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பதினான்கு. பதினைந்தாவதில் தவராசா நின்றார். எழுபத்து மூன்று வயது, என்னைவிட இரண்டு மூத்தவர். தொப்பை இல்லை. மாத்திரை என்று ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். அதையும் கவனித்தேன்.

இரவு புட்டு, சொதி, எண்ணெயில் பொரித்துக் குழம்பு வைத்த கத்தரிக்காய். டாக்டர் எனக்கு எண்ணெயை அளந்து கொடுத்திருக்கிறார். சம்பந்தி வீட்டில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூன்று முறை போட்டார்கள், மூன்று முறையும் சாப்பிட்டேன். செண்பகம் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாலும் வாய் திறக்க முடியவில்லை. எங்கள் இரு குடும்பத்துக்கும் நடுவில் கல்யாண நாளிலிருந்து இதே கதைதான். யாரும் யாரையும் மறுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் வாங்கினோம். பிளாக்டவுன் கடைகளில் மஞ்சள், குங்குமம், கற்பூரம் எல்லாம் கிடைத்தன. காதோலை கருகமணி மட்டும் இல்லை. கடைக்காரப் பெண் தன் அம்மாவுக்குப் போன் போட்டு அது என்னவென்று கேட்டுவிட்டு, கறுப்பு மணிச் சரம் ஒன்றை எடுத்து வந்தாள். செண்பகம் வாங்கிக்கொண்டாள்.

மாலையில் தவராசா தன் படங்களைக் காட்டினார். மழைக்காலத்தில் ஹெலிகாப்டரில் இறங்குகிறார். கரைக்குக் கரை கம்பி இழுத்து, அதில் தொங்கிக்கொண்டு வெள்ளத்தின் வேகத்தை அளக்கிறார். எங்களுக்கு ஒரு ஜீப் இருந்தது. அதுவும் கலெக்டர் வந்தால் போய்விடும்.

நான் விவரம் கேட்கக் கேட்க எனக்கு மார்பு வலிக்கும் போல் இருந்தது. காவிரியின் நீளம் எண்ணூறு கிலோமீட்டர். மிச்சல் ஏறக்குறைய எழுநூற்றைம்பது. காவிரிப் படுகை எண்பதாயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மிச்சலின் படுகை எழுபதாயிரத்துக்குச் சற்று மேல். அண்ணன் தம்பி மாதிரி. காவிரி மேற்குக் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. மிச்சல் கிழக்குக் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே கார்பென்டாரியா வளைகுடாவுக்கு ஓடுகிறது. வழியில் வால்ஷ், லின்ட், பாமர் என்று உபநதிகள். நமக்குக் கபினி, பவானி, அமராவதி மாதிரி. ஆனால் அந்தப் படுகை முழுவதும் இருப்பது சில ஆயிரம் பேர். மேல்பகுதியில் ஒரு சிறிய தேக்கம். மற்றபடி பெரிய அணை என்று குறுக்கே எதுவும் இல்லை. வழக்கு இல்லை. நடுவர் மன்றம் இல்லை. மழைக்காலத்தில் கரை தெரியாமல் பெருகி, அவ்வளவும் அப்படியே கடலுக்குப் போகிறது.

"அவ்வளவுமா?" என்றேன்.

"அவ்வளவும்தான் சம்பந்தி" என்றார், ஏதோ சாதாரண விஷயம் மாதிரி.

சனிக்கிழமை மூவரும் குயின்ஸ்லாந்தின் கெய்ன்ஸில் இறங்கினோம். இருபத்தாறு டிகிரி. ஸ்வெட்டர்களைப் பைக்குள் திணித்தேன். தவராசா தன் பெயரில் ஒரு வாடகைக் கார் எடுத்தார். கடலோரத்திலிருந்து மலை ஏறி, வளைந்து வளைந்து போய், மறுபக்கத்துச் சமவெளியில் மரீபா என்ற ஊரில் தங்கினோம். ஏறும்போது தவராசா சொன்ன கதைக்கெல்லாம் பின் இருக்கையில் செண்பகம் சிரித்தாள். நான் சொன்னதற்கு அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். மாதம் கூட நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பதினெட்டு. காலையில் விடுதி அறையிலேயே ரைஸ் குக்கரில் எலுமிச்சைச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் கட்டிக்கொண்டாள் செண்பகம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்கு முன் கயிறு கழுத்தில் ஏற வேண்டும் என்றாள். இது என் உயிர் விஷயம் என்பதால் நானும் பஞ்சாங்கத்தோடு வாதாடவில்லை.

நான் கையில் ஒரு படம் வைத்திருந்தேன். மிச்சல் படுகை முழுவதையும் ஒரே தாளில் அடக்கி, மெல்பர்னில் நூலகத்தில் அச்சிட்டது. இடத்தை நானே தேர்ந்தெடுப்பது என்று தீர்மானித்திருந்தேன். எல்லாவற்றையும் அவரே காட்டினால் பிறகு நான் எதற்கு?

வடக்கே கொஞ்ச தூரம் போனதும் ஒரு சிறு பாலம். கீழே கண்ணாடி மாதிரித் தண்ணீர், கல்லில் மோதிச் சத்தத்தோடு ஓடியது. இரு கரையிலும் வெள்ளைப் பட்டை உரியும் மரங்கள். மணி ஒன்பது நாற்பது.

"இங்கேதான் நிறுத்துங்க சம்பந்தி" என்றேன்.

தவராசா வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் போனால் நல்ல இடம் ஒண்டு இருக்கு" என்றார்.

நான் படத்தை விரித்தேன். நேற்றே மலையைத் தாண்டிவிட்டோம், தாண்டினால் இந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் மிச்சலின் பிள்ளைதான், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகைத் தாண்டினால் காவிரி மாதிரி என்று விளக்கினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னால் சரிதான்" என்று காரை ஓரம் கட்டினார்.

தண்ணீருக்கு ஐந்து மீட்டருக்குள் போகக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். முதலையா என்று செண்பகம் கேட்டாள். "இவ்வளவு மேல பெரிய முதலை வராது தங்கச்சி. ஆனா வராது எண்டு எழுதிக் குடுக்க மாட்டன்" என்றார். அதற்கும் சிரித்தாள். அவர் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியை இறக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தார். எத்தனை ஆயிரம் முறை செய்த கையோ.

செண்பகம் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, "மிச்சல் தாயே, இவரைக் காப்பாத்திக் குடுத்தே, உன் தண்ணி வத்தாம இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். புதுக் கயிற்றை நான் கட்டினேன். பழைய கயிற்றை அவள் பாலத்தின் மேலிருந்து வாளித் தண்ணீரோடு ஓடையில் ஊற்றினாள். அது போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். தவராசா கொஞ்சம் தள்ளி, தலை குனிந்து நின்றார். அடக்கம் என்று நினைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அகலத் தொப்பி போட்ட விவசாயி, வண்டி பழுதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். இல்லை, சாப்பிடுகிறோம் என்று ஒரு தட்டில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தாள் செண்பகம். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். உள்ளூர்க்காரரிடம் என் அறிவைக் காட்டிக்கொள்ளலாம் என்று, இந்தத் தண்ணீர் வளைகுடா போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டேன்.

"எந்த வளைகுடா?" என்றார் அவர். "இது பாரன் ஆற்றுக்குப் போகிறது. குராண்டா அருவியில் விழுந்து கெய்ன்ஸில் கடலில் சேரும். நீங்கள் விமானத்திலிருந்தே பார்க்கலாம். மிச்சல் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வடக்கே போக வேண்டும்."

தட்டைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டார். நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். எழுபதாயிரம் சதுர கிலோமீட்டரை ஒரு தாளில் அடக்கினால், எல்லைக்கோட்டின் தடிமனே தரையில் நாலைந்து கிலோமீட்டர். நான் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலைக்கும் மிச்சலுக்கும் நடுவில் இன்னொரு ஆறு இருக்கும், அது வடக்கே கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி அதே மலையை அறுத்துக்கொண்டு கிழக்கே இறங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பவானி கேரளாவுக்குள் போய்த் திரும்பி வருவதை முப்பது வருடமாக அறிந்தவன் நான்.

செண்பகம் தவராசாவிடம் திரும்பினாள். "அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஓம் தங்கச்சி, தெரியும்" என்றார். "கலியாணத்திலையே ஒண்டுக்கும் சம்பந்தியை மறுத்துக் கதைக்கேல்லை. ஒரு ஓடைக்காக மறுத்துக் கதைக்கிறதோ?"

"ரெண்டு பேரும் ஆயுசு பூரா ஆத்த அளந்தவங்க" என்றாள் செண்பகம். "ஒரு ஆத்தோட பேரைச் சரியா சொல்லத் தெரியல."

அவள் அழவில்லை, ஆனால் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு தாயின் தண்ணீரை எடுத்துக்கொண்டு இன்னொரு தாயின் பெயரைச் சொல்லிவிட்டேனே, இது யாரிடம் போய்ச் சேரும், உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் யாரைக் கேட்பேன் என்றாள். எனக்கு ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் குறுகுறுத்தது. மணி பதினொன்று ஐந்து.

மிச்சலுக்குப் போய்விடுவோம் என்றேன். என் படத்தில் ஒரு குறுக்குச் சாலை இருந்தது. தார்ச்சாலையில் சுற்றிப் போவதைவிடப் பாதி தூரம். அதில் போகலாம் என்றேன். தவராசா வாயைத் திறந்தார், மூடினார், திருப்பினார். முழுக்கச் சரளைக்கல் சாலை. எதிரில் மாடு ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அது தாண்டும்போது பட்டென்று ஒரு சத்தம். முன் கண்ணாடியில் என் முகத்துக்கு நேரே ஒரு நட்சத்திரம் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளை விட்டு மறுகோடி வரை போயிற்று. உபநதிகள் மாதிரி என்று தவராசா சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன்.

மிச்சலுக்கு வந்தபோது பதினொன்று நாற்பத்தாறு.

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். அகலமான மணல். நடுவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இந்தத் தண்ணீருக்கா ஹெலிகாப்டர் என்று நினைத்தேன். பிறகு மேலே பார்த்தேன். தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், மரக்கிளைகளின் கவட்டில், காய்ந்த புல்லும் சருகும் வைக்கோல்போர் மாதிரி சிக்கியிருந்தன. மழைக்காலத்து வெள்ளம் வைத்துவிட்டுப் போனது. நான் நின்ற இடத்தில் நாலு மாதத்துக்கு முன்பு நின்றிருந்தால் கடலுக்குப் போயிருப்பேன். பொறாமை மறுபடி வந்துவிட்டது, முன்னைவிட அதிகமாக.

செண்பகம் கரையில் நின்று, "இவங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடணும் அண்ணே? நீங்களே சொல்லுங்க, அவர் வேணாம்" என்றாள்.

தவராசா தொப்பியைக் கழற்றினார். "மிச்சல் எண்டது பின்னால வந்தவை வைச்ச பேர் தங்கச்சி. இஞ்ச முதலிலிருந்தே இருக்கிற சனம் வேற பேர் சொல்லுவினம். அது அவையின்ர ஆறு. என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது. இருவத்திரண்டு வருசம் அளந்தனான், ஒருக்காவும் கேக்கேல்லை."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப பேர் வேணாம்" என்றாள்.

மீதியிருந்த பூவை மணலில் வைத்தாள். "தாயே, அங்க குடுத்தது உனக்குத்தான். அந்தத் தாய்க்கும்தான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. இவரை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிக் கும்பிட்டாள். தாலியிலிருந்து கையை எடுத்தாள். மணி பதினொன்று ஐம்பத்தொன்று. அவள் முகம் தெளிந்துவிட்டது என்பதை நாற்பத்தைந்து வருடம் பார்த்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

அவள் காருக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் மணலில் நின்றோம். என்ர ஆறு என்று இனி சொல்ல மாட்டார் என்று நினைத்து, ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்று, உங்கள் கணக்கை யாரும் சந்தேகப்பட்டதில்லை, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றேன். நான் எழுதிய எண்ணை எங்கள் பக்கத்து விவசாயியும் நம்பவில்லை, அந்தப் பக்கத்து அதிகாரியும் நம்பவில்லை என்றேன்.

"நம்பாட்டிலும் கேட்டவைதானே" என்றார் அவர். "மேட்டூர் நீர்மட்டம் எண்டு உங்கட ரேடியோவில தினமும் சொல்லுறது எங்கட ஊரிலையும் கேக்கும். சின்னனில நான் கேட்டிருக்கிறன். நான் எழுதின கணக்கை ஒருத்தரும் போன் எடுத்துக் கேக்கேல்லை. ஒரு நாள் பிழையாய் எழுதியிருந்தாலும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படக்கூடும் என்று எழுபத்தொரு வருடத்தில் எனக்குத் தோன்றியதில்லை. மேட்டூரின் முழு நீர்மட்டம் நூற்றிருபது அடி என்று அவருக்குத் தெரிந்ததையே சொன்னேன். ஓம் என்றார்.

திங்கட்கிழமை திரும்பும் வழியில், பாரன் ஆற்று அணையிலிருந்து வாய்க்கால் வெட்டி மலைத்தொடரைத் தாண்டி மிச்சல் படுகைக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சொன்னார். ஒரு படுகைத் தண்ணீரை இன்னொரு படுகைக்கு. யார் வழக்குப் போட்டார்கள் என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. ஆனால் செண்பகத்துக்கு அந்தச் செய்தி பிடித்துவிட்டது. ரெண்டு பேரும் ஏற்கெனவே பேச்சு வார்த்தையில் இருக்கிறார்கள் என்றாள். விமானம் ஏறியதும் ஜன்னல் வழியாகப் பாரன் கடலில் சேரும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என் பக்கத்து இருக்கைக்கு ஜன்னல் கிடையாது.

மெல்பர்னில் பத்து நாள் கழித்து, மருமகன் செந்தூரன் சாப்பிடும்போது வாய் தவறிச் சொன்னான். கார் நிறுவனம் அவன் அப்பாவுக்கு ரசீது அனுப்பியிருக்கிறதாம். சரளைச் சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது. கண்ணாடி, நிர்வாகக் கட்டணம், இத்தியாதி சேர்த்து ஆயிரத்து இருநூற்று எழுபத்து நான்கு டாலர் அறுபது சென்ட். மாமாவிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னாராம்.

உடனே தவராசாவுக்குப் போன் போட்டேன். வண்டியில் இருந்தது மூன்று பேர், அதில் இரண்டு பேர் எங்கள் வீடு, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு என்னுடையது, கணக்கு எண் கொடுங்கள் என்றேன்.

"பிழை சம்பந்தி" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "உங்கட கணக்குப் பிழை. தங்கச்சிக்கு இதில பங்கில்லை. அந்த ரோட்டைப் பிழையாய்ச் சொன்னதுக்குப் பாதி உங்கட. தெரிஞ்சும் வாயைத் திறக்காததுக்குப் பாதி என்ர."

மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். மறுக்க இடமில்லை. என் பங்குக்கு ஆனது அறுநூற்று முப்பத்தேழு டாலர் முப்பது சென்ட்.